பட்டாளத்திலிருந்து பஞ்சாயத்துக்கு: முன்னாள் படைவீரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பதினைந்து, பதினேழு வருடம் சர்வீஸ் முடித்து, நாற்பது வயதுக்கு முன்பே ஊர் திரும்பும் ஜவான்கள் தமிழ்நாட்டில் ஏராளம். வேலூர், திருவண்ணாமலை, தேனி, ராமநாதபுரம் என்று எந்தப் பக்கம் போனாலும் தெருவுக்கு ஒரு பட்டாளத்துக்காரர் இருப்பார். கொஞ்ச நாள் ஊர் வேலைகளில் கைகொடுத்த பிறகு, பஞ்சாயத்துத் தேர்தலில் நிற்கலாமா என்ற எண்ணம் பலருக்கும் வருகிறது. 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர்களிடம் போனது முதல் இந்தக் கேள்விகள் இன்னும் கூடியிருக்கின்றன. இங்கே சொல்வதெல்லாம் தமிழ்நாட்டு ஊரக உள்ளாட்சி பற்றியது. டெபாசிட், செலவு வரம்புத் தொகைகள் 2019, 2021 தேர்தல்களில் இருந்தவை. அடுத்த அறிவிக்கை வரும்போது மாநிலத் தேர்தல் ஆணையத்தின் உத்தரவை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

சர்வீஸில் இருக்கும்போதே ஊரில் பெயர் தெரியும்படி ஏதாவது செய்யலாமா?

அரசியல் வாடை அடிக்கிற எதையும் செய்யக் கூடாது. 1954-ஆம் ஆண்டு ராணுவ விதிகளில் 20-ஆவது விதி இதைத் தெளிவாகச் சொல்கிறது: அரசியல் கூட்டத்தில் பேசக் கூடாது, கட்சிக்கு நன்கொடை தரக் கூடாது, எந்தத் தேர்தலிலும் தன்னை வேட்பாளர் என்று அறிவித்துக்கொள்ளக் கூடாது. உள்ளாட்சித் தேர்தலும் இதில் அடக்கம். நடைமுறையில் வம்பு வருவது லீவில் வந்திருக்கும்போது நண்பர்கள் வைக்கிற பிளெக்ஸால்தான். "எங்கள் வருங்காலத் தலைவரே" என்று யூனிஃபார்ம் படத்தோடு ஒரு பேனர் வைத்து, அதை யாராவது படமெடுத்து யூனிட்டுக்கு அனுப்பினால், பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். கோயில் திருவிழாவுக்கு நன்கொடை கொடுங்கள், பள்ளிக்கு நாற்காலி வாங்கிக் கொடுங்கள். பேனரில் உங்கள் பெயர் வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

டிஸ்சார்ஜ் ஆன பிறகு எத்தனை நாள் காத்திருக்க வேண்டும்?

காத்திருக்க வேண்டியதில்லை. டிஸ்சார்ஜ் தேதிக்கு மறுநாளே நீங்கள் சாதாரணக் குடிமகன். கட்சியில் சேரலாம், வேட்புமனு போடலாம். 21 வயது முடிந்திருக்க வேண்டும், அந்த ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். பென்ஷன் வாங்குவது தடையில்லை, ஊனமுற்றோர் பென்ஷனும் அப்படியே.

அக்னிவீரர்களும் கேட்கிறார்கள். நான்கு வருடம் முடித்து வெளியே வருகிறவருக்கு முன்னாள் படைவீரர் என்ற தகுதியோ பென்ஷனோ கிடையாது. ஆனால் தேர்தலில் நிற்க அந்தத் தகுதி தேவையே இல்லை. வயதும் வாக்காளர் பட்டியலும் சரியாக இருந்தால் போதும்.

எல்லாம் சரியாக இருந்தும் சிலருடைய மனு ஏன் நிற்பதில்லை?

பாதிச் சிக்கல் வாக்காளர் பட்டியலில்தான். இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

பணியில் இருந்தபோது நீங்கள் சர்வீஸ் வாக்காளர். யூனிட் வழியாகப் படிவம் 2 கொடுத்து, சொந்த ஊர்த் தொகுதிப் பட்டியலின் கடைசிப் பகுதியில் உங்கள் பெயர் சேர்ந்திருக்கும். "நான் சாதாரண வாக்காளராக எங்கும் பதியவில்லை" என்று அதில் உறுதியும் கொடுத்திருப்பீர்கள். ஓய்வு பெற்றதும் அந்தப் பெயர் தானாகத் தெருப் பட்டியலுக்கு மாறி வராது. குடியிருக்கும் ஊரில் படிவம் 6 கொடுத்துப் பொது வாக்காளராகப் பதிய வேண்டும். உள்ளாட்சி வார்டுப் பட்டியல் சட்டமன்றப் பட்டியலை வைத்துத்தான் தயாராகிறது. அங்கே தெருவோடு பெயர் இல்லாவிட்டால் இங்கே வார்டிலும் இல்லை.

இரண்டாவது சிக்கல் மனைவி. குவார்ட்டர்ஸில் உங்களோடு இருந்தபோது அவரும் சர்வீஸ் வாக்காளராகப் பதிந்திருக்கலாம். அவருக்கும் தனியாகப் படிவம் 6 கொடுக்க வேண்டும்.

மூன்றாவது, பிள்ளைகள் படிப்புக்காக டவுனில் வீடு எடுத்து, அந்த முகவரியில் ஓட்டைப் பதிந்திருப்பது. கிராமத்தில் நிலமும் பூர்வீக வீடும் இருந்தாலும் அது போதாது, ஓட்டு அங்கே இருக்க வேண்டும். முகவரி மாற்றத்துக்குப் படிவம் 8. 2025 நவம்பரில் தொடங்கிய வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிர திருத்தத்தில் வீட்டில் ஆள் இல்லாததால் விடுபட்ட பெயர்களும் உண்டு. வாக்காளர் அட்டை கையில் இருக்கிறது என்று நம்பி இருக்காதீர்கள். அட்டை இருக்கும், பட்டியலில் பெயர் இருக்காது. பாகம் எண், வரிசை எண் இரண்டையும் இன்றைக்கே பார்த்து எழுதி வையுங்கள்.

இப்போது பேங்கில், மின்வாரியத்தில், செக்யூரிட்டி வேலையில் இருக்கிறேன். நிற்கலாமா?

மத்திய, மாநில அரசுப் பணியிலோ உள்ளாட்சிப் பணியிலோ இருந்தால் நிற்க முடியாது. தனியார் நிறுவன செக்யூரிட்டி வேலை தடையில்லை. பொதுத்துறை வங்கி, வாரியம், அரசு நிறுவனம் வழியாக வந்த ஒப்பந்த வேலை ஆகியவற்றில்தான் வாதம் எழும். ராஜினாமா கொடுத்தால் மட்டும் போதாது. அதை ஏற்றுக்கொண்ட கடிதம் மனு பரிசீலனை நாளுக்கு முன் கையில் இருக்க வேண்டும். "எழுதிக் கொடுத்துவிட்டேன், ஆர்டர் வரவில்லை" என்றால் எதிர்த்தரப்பு விடாது.

இன்னும் இரண்டு தகுதிக்குறைவுகள் உண்டு. ஊராட்சியோடு நடப்பில் ஒப்பந்த வேலை வைத்திருப்பது ஒன்று. நோட்டீஸ் கொடுத்த பிறகும் வீட்டு வரி, குடிநீர்க் கட்டணம் கட்டாமல் பாக்கி வைத்திருப்பது இன்னொன்று. அப்பா பெயரில் இருந்த வீடு உங்கள் பெயருக்கு மாறி, வரி நான்கு வருடமாகத் தொங்குவது சாதாரணமாக நடப்பதுதான். ரசீதை முன்பே வாங்கி ஃபைலில் வையுங்கள்.

முன்னாள் படைவீரர்களுக்கு இட ஒதுக்கீடு உண்டா?

உள்ளாட்சிப் பதவிகளில் இல்லை. பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்கள் ஆகியோருக்குத்தான் ஒதுக்கீடு. வேலைவாய்ப்பில் கிடைக்கும் சலுகையை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

ஊருக்குள் எந்த வேலையில் தொடங்குவது?

உங்களுக்கு நன்றாகத் தெரிந்த வேலையில் தொடங்குங்கள். மரம் நட்டுப் படமெடுப்பதை எல்லோரும் செய்கிறார்கள். பட்டாளத்துக்காரரால் மட்டுமே செய்ய முடிகிற இரண்டு வேலைகள் ஊரில் காத்திருக்கின்றன.

முதலாவது, வயதான பென்ஷன்தாரர்களும் வீரர்களின் விதவைகளும் படும் பாடு. ஸ்பர்ஷ் என்ற படைவீரர் பென்ஷன் இணையதளம் வந்த பிறகு ஆயுள் சான்றை வருடாவருடம் இணையத்தில் பதிய வேண்டும், தவறினால் பென்ஷன் நின்றுவிடும். எண்பது வயதுத் தாத்தாவுக்கு விரல் ரேகை விழாது. மொபைலில் முகம் காட்டிப் பதியும் வழி இருப்பது அவருக்குத் தெரியாது. அதைவிடப் பெரிய தொல்லை பெயர்ப் பொருத்தமின்மை. டிஸ்சார்ஜ் புத்தகத்தில் மனைவி பெயர் ஒன்று, ஆதாரில் வேறொன்று, பிறந்த தேதி இரண்டிலும் வேறு வேறு. கணவர் உயிரோடு இருக்கும்போது ரெக்கார்ட் ஆபீஸுக்கு எழுதினால் திருத்தம் எளிது. அவர் இறந்த பிறகு அதே திருத்தத்துக்கு அந்த அம்மா மாதக்கணக்கில் அலைய வேண்டிவரும். ஊரில் உள்ள ஒவ்வொரு பென்ஷன்தாரர் வீட்டுக்கும் போய் டிஸ்சார்ஜ் புத்தகம், பென்ஷன் ஆணை, இருவரின் ஆதார் ஆகியவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். திருத்தம் வேண்டியதைப் பட்டியல் போட்டு மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குக் கொண்டு போங்கள். ஓட்டுக்காக அல்லாமல் இதைச் செய்கிறவரை அந்தக் குடும்பங்கள் மறப்பதில்லை.

இரண்டாவது, ஆள்சேர்ப்புக்கு ஓடும் பையன்களுக்குப் பயிற்சி. 1.6 கிலோமீட்டரை 5 நிமிடம் 30 விநாடிக்குள் ஓடினால்தான் முழு மதிப்பெண். 400 மீட்டருக்கு 82 விநாடி என்று கணக்கு. நம் பையன்கள் முதல் சுற்றை 70 விநாடியில் பறந்து முடித்துவிட்டு மூன்றாம் சுற்றில் மடங்கிப் போகிறார்கள். தார் ரோட்டில் ஓடவிடாதீர்கள், கணுக்காலுக்கு மேலே முன்னெலும்பு வலி வந்து ஒரு மாதம் படுக்க வைத்துவிடும். வற்றிய கண்மாய்த் தரையில் டேப்பால் அளந்து சுண்ணாம்புக் கோடு போடுங்கள். 9 அடிப் பள்ளம் தாண்டுவதற்குக் குழி வெட்டி மணல் நிரப்புங்கள். இப்போது எழுத்துத் தேர்வுதான் முதலில் வருகிறது, ஓட்டம் அதற்குப் பிறகு. காலையில் ஓட்டம் என்றால் மாலையில் கணக்கும் பொது அறிவும் சொல்லிக்கொடுக்க ஒரு ஆசிரியரைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கிராம சபையில் என்ன செய்ய வேண்டும்?

வருடத்துக்கு ஆறு கூட்டம்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. நிற்பதற்கு முன் குறைந்தது இரண்டு வருடம் இவற்றில் ஒன்றைக்கூட விடாதீர்கள். சட்டம் படித்துத் தெரிந்துகொள்ள முடியாத ஊர்க் கணக்கெல்லாம் அங்கேதான் வெளியே வரும்.

கோரம், அதாவது குறைந்தபட்ச வருகை, மக்கள்தொகைப்படி: 500 வரை 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300. பல ஊர்களில் இந்த எண்ணிக்கை காகிதத்தில் மட்டும் நிறைகிறது. தீர்மானப் புத்தகத்தில் முதலில் வெற்றுப் பக்கத்தில் கையெழுத்து வாங்கிவிடுவார்கள், தீர்மானம் பிறகு எழுதப்படும். கையெழுத்துப் போடும் முன், "தீர்மானத்தை எழுதி வாசிச்சிடுங்க, போடுறோம்" என்று தன்மையாகச் சொல்லுங்கள். நான்கு பேர் உங்களோடு சேர்ந்து சொன்னால் அடுத்த கூட்டத்திலிருந்து வழக்கம் மாறும். வரவு செலவுக் கணக்கு வாசிக்கப்படும்போது குறிப்பெடுங்கள். சந்தேகம் இருந்தால் 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமை மனு போடலாம். ஆனால் முதல் கூட்டத்திலேயே ஊராட்சிச் செயலரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாதீர்கள். நாளைக்கு நீங்கள் தலைவரானால் அவரோடுதான் வேலை செய்யப் போகிறீர்கள்.

எந்தப் பதவிக்கு முதலில் நிற்பது?

முதல் முறை என்றால் வார்டு உறுப்பினர் பதவிதான் எங்கள் பரிந்துரை. டெபாசிட் 200 ரூபாய், செலவு உச்சவரம்பு 9,000 ரூபாய். ஊராட்சித் தலைவருக்கு டெபாசிட் 600, உச்சவரம்பு 34,000. ஒன்றியக் கவுன்சிலருக்கு டெபாசிட் 600, உச்சவரம்பு 85,000. மாவட்டக் கவுன்சிலருக்கு 1,000, உச்சவரம்பு 1,70,000. பட்டியல் சாதி, பழங்குடி வேட்பாளர்களுக்கு டெபாசிட் பாதி.

வார்டு உறுப்பினர், ஊராட்சித் தலைவர் பதவிகளுக்குக் கட்சிச் சின்னம் கிடையாது. ஒன்றிய, மாவட்ட வார்டுகளில் கட்சிச் சின்னம் உண்டு, கட்சி பலம் இல்லாமல் அங்கே சுயேச்சையாக நிற்பது கடினம். தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள், துணைத் தலைவரை வார்டு உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். துணைத் தலைவர் பதவியைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். ஊராட்சியின் காசோலையில் தலைவரோடு சேர்ந்து கையெழுத்துப் போடுபவர் அவர்தான். வார்டில் ஜெயித்துத் துணைத் தலைவராக ஐந்து வருடம் இருந்தவருக்கு ஊராட்சியின் கணக்கு வழக்கு கைவந்துவிடும்.

மனு போடும்போது என்னென்ன தவறுகிறது?

வார்டுக்கு நிற்பவர் அதே ஊராட்சியின் எந்த வார்டு வாக்காளராகவும் இருக்கலாம். முன்மொழிபவர் மட்டும் நீங்கள் நிற்கும் வார்டின் வாக்காளராக இருக்க வேண்டும். வார்டு மறுவரையறைக்குப் பிறகு பக்கத்து வீட்டுக்காரர் வேறு வார்டுக்குப் போயிருப்பார், பழைய நினைப்பில் அவரிடம் கையெழுத்து வாங்கி மனு தள்ளுபடியாகும். சொத்து, கடன், வழக்கு விவரங்கள் கேட்கும் உறுதிமொழி ஆவணத்தில் எந்தக் கட்டத்தையும் காலியாக விடாதீர்கள், இல்லை என்றால் 'இல்லை' என்று எழுதுங்கள். பென்ஷன் கணக்கு, ராணுவ குரூப் இன்சூரன்ஸ், மனைவி பெயரில் உள்ள நகை எல்லாம் சொத்துதான். கடைசி நாள் பிற்பகலில் போகாதீர்கள். முதல் இரண்டு நாளில் கொடுத்தால் பிழை இருந்தாலும் இன்னொரு மனு போட நேரம் இருக்கும்.

யூனிஃபார்ம், மெடல், ரேங்க் இவற்றைப் பிரச்சாரத்தில் பயன்படுத்தலாமா?

யூனிஃபார்ம் கூடவே கூடாது. பணியில் இல்லாதவர் தன்னைப் படைவீரர் என்று நம்பவைக்கும் எண்ணத்தில் சீருடை அணிவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 168-ஆவது பிரிவில் குற்றம். நோட்டீஸில் பழைய யூனிஃபார்ம் படம் போடுவதும் தவிர்க்க வேண்டியதே. படையின் மரியாதை ஒரு வேட்பாளருடைய சொத்து இல்லை. ரேங்க் எழுதினால் 'சுபேதார் (ஓய்வு)' என்று ஓய்வைச் சேர்த்தே எழுதுங்கள். உங்கள் படைப்பிரிவின் சின்னத்தை அச்சடிக்காதீர்கள். மெடல் அணிய சுதந்திர தினமும் குடியரசு தினமும் இருக்கின்றன.

எவ்வளவு பணம் ஒதுக்கலாம்?

ஓய்வின்போது வந்த கிராஜுவிட்டி, கம்யூட்டேஷன் (பென்ஷனில் ஒரு பகுதியை முன்கூட்டியே மொத்தமாக வாங்கும் தொகை), பிராவிடண்ட் ஃபண்ட் ஆகியவற்றில் கை வைக்கக் கூடாது என்பதை வீட்டில் உட்கார்ந்து முதலிலேயே முடிவு செய்யுங்கள். "மிலிட்டரிக்காரர்கிட்ட பணம் இருக்கு" என்பது ஊர் அறிந்த விஷயம், சுற்றி வருகிறவர்களில் பாதிப் பேர் அதற்காகவே வருவார்கள். தலைவருக்கு மாத மதிப்பூதியம் 2,000 ரூபாய்தான். லட்சக்கணக்கில் செலவழித்து வந்தவர் அதை எங்கிருந்து எடுப்பார் என்று ஊருக்கும் தெரியும்.

ஓட்டுக்குப் பணம் கொடுப்பது குற்றம். கோயிலுக்கு இவ்வளவு தருகிறேன் என்று தலைவர் பதவியை ஊரில் ஏலம் எடுப்பதும் குற்றம். பெரிய மனிதர்கள் கூடிப் பேசி முடித்தாலும் அதில் கலந்துகொள்ளாதீர்கள். வரம்புக்குள் செலவழிக்க ஒரு நோட்டு போடுங்கள்: தேதி, என்ன செலவு, யாரிடம், ரசீது எண். நோட்டீஸ், ஆட்டோ வாடகை, மைக் செட், ஏஜென்டுகளின் சாப்பாடு என்று ஒவ்வொன்றையும் அன்றன்றைக்கே எழுதுங்கள்.

எங்கள் ஊராட்சி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது. மனைவியை நிறுத்தலாமா?

இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது, பாதி இடங்கள் பெண்களுக்கு என்பதால். அவருக்கு விருப்பமும் ஊரோடு பழக்கமும் இருந்தால் தாராளமாக நிற்கட்டும். சொல்லப்போனால் நீங்கள் எல்லையில் இருந்த வருடங்களில் ரேஷன், பள்ளி, ஆஸ்பத்திரி, மகளிர் குழு என்று ஊரில் நின்று சமாளித்தவர் அவர்தான். பல வீடுகளில் கணவரைவிட அவருக்கே ஓட்டு அதிகம் விழும். ஆனால் அவர் பெயரில் நீங்கள் தலைவர் நாற்காலியில் உட்காருவது சட்டப்படியும் தவறு, முறையும் இல்லை. கூட்டத்தில் அவர் பேசட்டும், காசோலையைப் படித்துப் பார்த்து அவரே கையெழுத்திடட்டும். தவறு நடந்தால் நடவடிக்கை அவர் மேல்தான் வரும், உங்கள் மேல் வராது.

நல்ல பெயர் இருந்தும் பட்டாளத்துக்காரர்கள் ஏன் தோற்கிறார்கள்?

மூன்று காரணங்களைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறோம்.

ஊர் உங்களை மதிக்கிறது, ஆனால் உங்களை அதற்குத் தெரியாது. பதினேழு வருடத்தில் ஊரில் இருந்தது வருடத்துக்கு இரண்டு மாதம். அந்த லீவில் நடந்த துக்கம், விசேஷத்துக்கு மட்டும்தான் வந்திருப்பீர்கள். புதிதாகக் குடிவந்த மருமகள்களுக்கும் முதல் முறை ஓட்டுப்போடும் பிள்ளைகளுக்கும் நீங்கள் யாரென்றே தெரியாது.

அடுத்தது பேச்சு. "இதைச் செய்யணும், இப்படித்தான் செய்யணும்" என்ற தொனி படையில் உயிர் காக்கும், தெருவில் ஓட்டைக் குறைக்கும். ஒவ்வொரு வீட்டிலும் முதலில் கேளுங்கள், குறித்துக்கொள்ளுங்கள், பிறகு பேசுங்கள்.

மூன்றாவது, எல்லாத் தெருவுக்கும் போகாதது. சொந்த சாதித் தெருவில் மூன்று முறை, காலனிக்கு ஒரு முறைகூட இல்லை என்றால் அது எல்லோர் கண்ணிலும் படும். லங்கரில், அதாவது படையின் பொதுச் சாப்பாட்டுக் கூடத்தில், எல்லோரோடும் ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டவர் ஊருக்கு வந்ததும் தனிப் பந்தியில் உட்காரக் கூடாது. இது வெறும் தேர்தல் உத்தி இல்லை, நீங்கள் படையிலிருந்து ஊருக்குக் கொண்டுவர வேண்டிய முதல் பொருளே இதுதான்.

வாக்குப்பதிவு, எண்ணிக்கை நாட்களில் கவனிக்க வேண்டியது?

ஊரக வாக்காளருக்கு நான்கு சீட்டு. 2019-ல் வார்டு உறுப்பினருக்கு வெள்ளை அல்லது நீலம், தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியத்துக்குப் பச்சை, மாவட்டத்துக்கு மஞ்சள். உங்கள் சீட்டின் நிறத்தையும் சின்னத்தையும் சேர்த்தே வீட்டுக்கு வீடு சொல்லுங்கள். இரண்டு சின்னத்தில் முத்திரை, முத்திரைக்குப் பதில் கைரேகை ஆகியவை செல்லாது. வயதானவர்களிடம் மாதிரிச் சீட்டைக் காட்டி விளக்குங்கள். வார்டு சிறியது, ஒரு ஓட்டில் முடிவு மாறும், சமமாக வந்தால் குலுக்கல். எண்ணும் மேசையில் நிறவாரியாகப் பிரித்துக் கட்டுக் கட்டாக வைப்பார்கள். உங்கள் ஏஜென்ட் கட்டைத் தொடக் கூடாது, ஆனால் ஒவ்வொரு கட்டின் எண்ணிக்கையையும் எழுதிக்கொள்ளலாம். செல்லாத சீட்டு என்று ஒதுக்கும்போதே காரணம் கேட்கச் சொல்லுங்கள், முடிவு அறிவித்த பிறகு கேட்டால் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும்.

ஜெயித்த பிறகு முதலில் எங்கே சறுக்குகிறது?

உறுப்பினர்களை செக்‌ஷன் ஜவான்களாக நினைக்கும்போது. அவர்கள் உங்களுக்குக் கீழே இல்லை, உங்களைப் போலவே ஓட்டு வாங்கி வந்தவர்கள். துணைத் தலைவர் கையெழுத்திட மறுத்தால் துப்புரவுப் பணியாளர் சம்பளம்கூட நிற்கும். தீர்மானம் இல்லாமல் நல்லெண்ணத்தில் வேலையைத் தொடங்கிவிட்டு, பில்லைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது இன்னொரு பள்ளம். ஊராட்சிகள் சட்டத்தின் 205-ஆவது பிரிவில் தலைவரை நீக்கும் அதிகாரம் மாவட்ட ஆட்சியருக்கு உண்டு. கணக்கில் குழப்பம்தான் பெரும்பாலும் அதற்கு வழி திறக்கும்.

ஊர் முதலில் கேட்பது தண்ணீர். மேல்நிலைத் தொட்டி கடைசியாக எப்போது கழுவப்பட்டது என்று முதல் வாரத்திலேயே ஏறிப் பாருங்கள். பிளீச்சிங் பவுடர் 1,000 லிட்டருக்குச் சுமார் 4 கிராம், 30,000 லிட்டர் தொட்டிக்கு 120 கிராம். வாளியில் கரைத்துத் தெளியவைத்து, தெளிந்த நீரை மட்டும் ஊற்ற வேண்டும். மூட்டை திறந்து பல வாரம் கிடந்த பவுடரில் வீரியம் போயிருக்கும், கொட்டியும் பயனில்லை. கடைசித் தெருக் குழாயில் குளோரின் 0.2 பிபிஎம் காட்டுகிறதா என்று சோதித்துப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள்.

தேர்தலே வேண்டாம், வெளியே இருந்து செய்கிறேன் என்றால்?

அதுவும் நல்ல வழிதான். ராணுவத்தில் டிரைவராக இருந்து 1975-ல் திரும்பிய அண்ணா ஹசாரே, மகாராஷ்டிரத்தின் ராலேகான் சித்தியில் மழைநீரைத் தடுத்துத் தேக்கும் வேலைகளைக் கிராம சபை வழியாகவே செய்தார், தேர்தலில் நிற்கவில்லை. கையெழுத்து அதிகாரம் இல்லாமல் ஊரைக் கூட்ட அதிகப் பொறுமை வேண்டும்.

தோற்றால்?

பதிவான செல்லுபடியான வாக்குகளில் ஆறில் ஒரு பங்குக்குக் குறைந்தால் டெபாசிட் போகும். அதற்கு மேல் வாங்கியிருந்தால் திரும்பக் கேட்டு வாங்குங்கள். தோற்றவர்கள் மறப்பது செலவுக் கணக்கை. முடிவு அறிவித்த 30 நாளுக்குள் வென்றவரும் தோற்றவரும் கணக்குக் கொடுக்க வேண்டும், தவறினால் மூன்று வருடம் தேர்தலில் நிற்கத் தடை வரும். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் அலுவலகத்தை விட்டு வராதீர்கள். கண்மாயில் பையன்கள் ஓடும் நேரத்தை மாற்றாதீர்கள், மறுநாள் காலையும் அதே ஐந்தரை மணிக்குப் போய் நில்லுங்கள்.